‘ஹெம்ப்’ என்றால் சாக்குத் தைக்கும் சணல் அல்ல: எச்.எச்.சி. என்ற பொருளை விளங்கிக்கொள்ள ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஹட்டனில் நான் வேலை செய்யும் மருந்தகத்துக்குத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் வந்தார். எல்லவில் சுற்றுலா விடுதியொன்றில் வேலை செய்யும் மூத்த மகன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அவனுடைய உடுப்புப் பையில் கிடந்ததாகச் சொல்லி, உள்ளங்கை அகலமுள்ள ஒரு மினுங்கும் பொதியை மேசைமேல் வைத்தார். முன்புறத்தில் அன்னாசிப்பழப் படம். உள்ளே சீனி தூவிய மஞ்சள் ஜெலி மிட்டாய்கள் ஆறு மிஞ்சியிருந்தன. அறையைக் காலி செய்துகொண்டு போன வெளிநாட்டுப் பயணி ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். பின்புறத்து எழுத்துகளை இளைய மகள் கைத்தொலைபேசியில் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறாள். ‘சணலிலிருந்து பெறப்பட்டது’ என்று வந்திருக்கிறது. அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “மிஸ், சணல்னா நம்ம சாக்கு தைக்கிற சணல்தானே? அதுல என்னா இருக்கப்போகுது?”

அவருடைய கேள்வியில் தவறில்லை; தவறு அந்த மொழிபெயர்ப்பில் இருந்தது. பொதியில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் எச்.எச்.சி.; கஞ்சாவைப் போன்ற மயக்கத்தைத் தரும், ஆய்வுகூடத்தில் செய்யப்படும் ஒரு பொருள். இந்தப் பொருளைப் பற்றித் தமிழில் தெளிவாக எழுதப்பட்ட எதுவும் அன்று என் கைக்கு அகப்படவில்லை. சுற்றுலா விடுதிகள் வழியாகவும், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொதிகள் வழியாகவும் இத்தகைய மிட்டாய்களும் எண்ணெய்களும் நம் வீடுகளுக்குள் வர வழி இருப்பதால், அவற்றை எப்படி இனங்காண்பது, எதற்கு அஞ்சுவது, யாராவது உட்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள்

தமிழில் சணல் என்பது சாக்கும் கயிறும் செய்யப் பயன்படும் நார்ச்செடிகளைக் குறிக்கும் சொல். அவற்றுக்கும் கஞ்சாவுக்கும் எந்த உறவும் இல்லை. பொதியில் எழுதப்படும் ‘ஹெம்ப்’ என்பதோ கஞ்சாச் செடியே. ஹெம்ப், போதைக் கஞ்சா இரண்டும் தாவரவியலில் ஒரே இனம். அவற்றைப் பிரிப்பது செடியின் தோற்றமன்று, ஒரு சட்ட அளவு. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. என்ற மயக்கப் பொருள் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத கஞ்சாச் செடியை ‘ஹெம்ப்’ என்று வகுத்து, அதைப் பயிரிட அனுமதித்தது. நார், விதை எண்ணெய், சவர்க்காரம் போன்றவற்றுக்காக அந்தச் செடியை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். விதை எண்ணெய் சேர்த்த ஷாம்பு ஒன்றைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சட்டம் ஒரே ஒரு பொருளின் அளவை மட்டும் வைத்துக் கோடு கிழித்ததால், கோட்டின் மறுபக்கத்தில் ஒரு வியாபாரம் முளைத்தது. ஹெம்ப் செடியில் மயக்கம் தராத சி.பி.டி. என்ற பொருள் தாராளமாக இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் வேறு உருவுக்கு மாற்றினால், டெல்டா-9 என்ற பெயரில்லாத, ஆனால் அதே போன்ற மயக்கத்தைத் தரும் பொருள்களைச் செய்ய முடியும். ‘ஹெம்பிலிருந்து பெறப்பட்டது’ என்ற வாசகம் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. இடையில் அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. ‘இயற்கையானது’ என்ற சொல்லும் பக்கத்தில் இருந்தால், எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

எச்.எச்.சி. எப்படிச் செய்யப்படுகிறது

இதன் முழுப்பெயர் ஹெக்சாஹைட்ரோகன்னபினோல். கஞ்சாச் செடியின் விதையிலும் மகரந்தத்திலும் மிகச் சிறிதளவு இருப்பதாகக் கண்டறியப்பட்டிருந்தாலும், விற்பனைக்கு வருவது செடியிலிருந்து பிழிந்தெடுத்ததன்று. அமெரிக்க இரசாயனவியலாளர் ரொஜர் அடம்ஸ் 1940களிலேயே இதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். பின்பு எண்பது ஆண்டுகளாக யாரும் இதைக் கடையில் விற்றதில்லை. 2021இன் இறுதியில் அமெரிக்கச் சந்தைக்கும் 2022இல் ஐரோப்பாவுக்கும் வந்தது.

செய்முறையைச் சமையலறையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். திரவமாக இருக்கும் தாவர எண்ணெயில், நிக்கல் போன்ற உலோக ஊக்கியின் உதவியால் ஐதரசனை ஏற்றித்தான் வெகுகாலமாகக் கெட்டியான மாஜரின் செய்தார்கள். எச்.எச்.சி.யும் அந்த வழியில்தான் பிறக்கிறது. சி.பி.டி.யை அமிலத்தோடு சேர்த்து முதலில் டி.எச்.சி. வகைகளாக மாற்றுகிறார்கள், பின்பு பல்லேடியம், பிளாட்டினம், நிக்கல் ஆகியவற்றில் ஒன்றை ஊக்கியாக வைத்து ஐதரசனை ஏற்றுகிறார்கள். உணவுத் தொழிற்சாலையில் ஊக்கியை வடித்தெடுக்கவும் பரிசோதிக்கவும் விதிகள் உண்டு. இந்த வியாபாரத்தில் அத்தகைய கட்டாயம் பெரும்பாலும் இருந்ததில்லை என்பதால், உலோக எச்சமும், கரைப்பானின் எச்சமும், அமிலத்தில் பிறந்த பெயரறியாத பக்க விளைபொருள்களும் மிட்டாய்க்குள் வந்து சேர இடமிருக்கிறது.

இன்னொரு சிக்கலை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஐதரசனை ஏற்றும்போது ஒரே பொருள் இரண்டு வடிவங்களில் உருவாகிறது. ஒரு காபன் அணுவில் மட்டும் திசை மாறியிருக்கும். ஒரே பூட்டுக்கு வெட்டிய இரண்டு சாவிகளில் ஒன்று இலகுவாகத் திறப்பதும் மற்றது இறுகி நிற்பதும் போல, 9ஆர் எனப்படும் வடிவம் மூளையின் ஏற்பிகளை வலுவாகப் பற்றுகிறது. 9எஸ் வடிவம் மிகப் பலவீனமாகவே பற்றுகிறது. எந்த வடிவம் எவ்வளவு என்பது செய்முறைக்கும் தொகுதிக்கும் ஏற்ப மாறும். ஆகவே ‘25 மில்லிகிராம்’ என்று ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு பொதிகள், ஒன்று மெல்லிய தளர்ச்சியையும் மற்றொன்று தாங்கமுடியாத மயக்கத்தையும் தரலாம். எண் சரியாகவே இருந்தாலும் அது போதிய தகவல் ஆகாது.

பெயரின் வாலைப் பாருங்கள்

எச்.எச்.சி. தனியாக வருவதில்லை, அதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. பெயரின் கடைசியில் ‘பி’ என்ற எழுத்து இருந்தால், எச்.எச்.சி.பி., டி.எச்.சி.பி. என்பவற்றைப் போல, மூலக்கூற்றின் வால் ஐந்து காபனுக்குப் பதிலாக ஏழு காபன் நீளமுடையது என்று பொருள். அவை ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பற்றுவதால், மிகச் சிறிய அளவே பெரும் விளைவைத் தரும். கடைசியில் ‘ஓ’ இருந்தால் அது அசிற்றேற்று வடிவம். அதைச் சூடாக்கிப் புகைக்கும்போது நுரையீரலைச் சிதைக்கும் கீற்றீன் என்ற வாயு உண்டாக முடியும் என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஓர் எழுத்து மாறுவதால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கு எச்.எச்.சி. 2022இல் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் எச்.எச்.சி.எச். என்ற ஆறு காபன் வால் கொண்ட உறவுப் பொருள் ஜெலி மிட்டாயாக விற்பனைக்கு வந்தது. 2023 நவம்பரில் டோக்கியோவில் பூங்கா விழாவொன்றில் பகிரப்பட்ட அந்த மிட்டாயைத் தின்றவர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் அதுவும் தடைசெய்யப்பட்டது. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று என்ற இந்த ஓட்டத்தில், புதிதாக வருவது பழையதைவிட வீரியமாகவும் குறைவாக ஆராயப்பட்டதாகவும் இருப்பதே வழக்கம்.

பொதியில் எதைத் தேடுவது

அந்தத் தாய் கொண்டுவந்த பொதியை வைத்தே சொல்கிறேன். பத்துத் துண்டுகள், துண்டொன்றுக்கு 25 மில்லிகிராம் என்று இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: அமெரிக்காவின் தேசிய ஆய்வு நிறுவனங்கள் 2021இல், ஆய்வுகளுக்கான ஓர் அலகாக 5 மில்லிகிராம் டி.எச்.சி.யை நிர்ணயித்தன. எச்.எச்.சி. டெல்டா-9ஐவிடச் சற்று வீரியம் குறைந்தது என்று கருதப்பட்டாலும், பழக்கமில்லாத ஒருவருக்கு அந்த ஒரு துண்டே அதிகம். ‘டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கும் குறைவு’ என்றும் அச்சிடப்பட்டிருந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மயக்கம் தராது என்பதற்கு அது உத்தரவாதமன்று.

கீழ்மூலையில் ஒரு கியூ.ஆர். குறியீடு இருந்தது. என் தொலைபேசியில் அதைத் திறந்தபோது, அப்படியொரு பக்கமே இல்லை என்ற அறிவிப்புத்தான் வந்தது. முறையாக இருந்தால் அங்கே பகுப்பாய்வுச் சான்றிதழ் இருக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொரு தொகுதிக்கும் தனி இன்வொய்ஸ் இலக்கம் போடுவது தெரியும். அதுபோல, சான்றிதழிலுள்ள தொகுதி இலக்கமும் பொதியிலுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையேல் அந்தத் தாள் வேறு ஏதோ ஒரு சரக்கைப் பற்றியது. அடுத்து, பரிசோதித்தது விற்பவருடன் தொடர்பில்லாத ஆய்வுகூடமா, 9ஆர், 9எஸ் இரண்டும் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா, எஞ்சிய டெல்டா-9உம் அதன் உறவான டெல்டா-8 என்ற டி.எச்.சி. வகையும் எவ்வளவு, ஈயம் முதலிய பார உலோகங்களோடு ஊக்கி உலோகங்களும் அளக்கப்பட்டனவா என்பவை. இவ்வளவும் சரியாக இருந்தாலும், சொன்ன பொருள் சொன்ன அளவில் இருக்கிறது என்பதுதான் நிரூபணமாகும். உடம்புக்கு நல்லது என்பது நிரூபணமாகாது. மனிதரில் இதன் நீண்டகால விளைவுகளைப் பற்றிய ஆய்வுகள் மிகச் சொற்பம். என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன்: இதைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் அளவென்று எதையும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உடலில் என்ன நடக்கும்

புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் விளைவு தெரியும். மிட்டாயாகத் தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ஈரலைக் கடந்து இரத்தத்தில் சேர அவ்வளவு நேரம் எடுக்கிறது. விபத்து அந்த இடைவெளியில்தான் நேர்கிறது. அந்த மகனிடம் பின்னர் பேசினேன். ஒரு துண்டு தின்று அரை மணி நேரம் காத்திருந்து, “இது சும்மா டொபி” என்று நினைத்து இரண்டாவதைத் தின்றிருக்கிறான். இரண்டும் சேர்ந்து ஏறியபோது நெஞ்சு அடித்துக்கொண்டதும், அறைச் சுவர் நகர்வதுபோலத் தெரிந்ததும், செத்துவிடுவோம் என்ற பயத்தில் விடியும்வரை கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும் அவன் சொன்னவை. அம்மாவிடம் சொல்ல வெட்கம்.

பொதுவாகக் காணப்படுபவை வாய் வறட்சி, கண் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு, தலைச்சுற்று, வாந்தி, பதற்றம், குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம். சிலருக்கு இல்லாதவை கேட்பதும், யாரோ தொடர்கிறார்கள் என்ற சந்தேகம் பிடிப்பதும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் இந்த ஆபத்துக் கூடுதல். இருபத்தைந்து வயதுவரை மூளை வளர்ந்துகொண்டிருப்பதால், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதனால் வரும் தீங்கு பெரியவர்களுக்கு வருவதைப் போன்றதன்று.

இருதய நோயுள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள், தூக்கமாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. சாராயமோ கசிப்போ சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும். டி.எச்.சி. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சேர்கிறது, தாய்ப்பாலிலும் கலக்கிறது. அதன் நெருங்கிய உறவான இதையும் அவ்வாறே கருத வேண்டும். கொழுந்து மலைக்குப் போகுமுன் பிள்ளைக் காம்பராவில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கவ்வாத்துக் கத்தி பிடிப்பவரும், கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்டோ ஓட்டுபவரும், தமக்குத் தெளிந்துவிட்டதாகத் தோன்றிய பின்னரும் கைகால்களின் வேகம் குறைந்தே இருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

சாரத்தை மின்சூட்டில் ஆவியாக்கி இழுக்கும் ‘வேப்’ குழாய் வடிவத்துக்குத் தனியான ஆபத்து உண்டு. அமெரிக்காவில் அத்தகைய குழாய்களைப் பாவித்தவர்களிடையே 2019இல் தொடங்கிய நுரையீரல் பாதிப்பில், 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனதாகவும், அவர்களில் இறந்தவர்கள் 68 பேர் என்றும் பதிவானது. கஞ்சாச் சாரத்தை நீர்க்கச் செய்யச் சேர்த்த விற்றமின் ஈ அசிற்றேற்றே அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது; கொன்றது பெயர்ப்பட்டியலில் எழுதாத கலப்படம்.

சட்டமும் பொதியும் பயணமும்

இலங்கையில் கஞ்சாவும் அதன் சாரமும் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆயுர்வேத வைத்தியர்களுக்கான தனி ஏற்பாடு, யாரும் மிட்டாய் வாங்கித் தின்பதற்கான அனுமதியன்று. ஏற்றுமதிக்காக மட்டும் கஞ்சா பயிரிட முதலீட்டாளர்களுக்கு அனுமதி அளிக்கப்பட்ட செய்தி 2025இல் வந்தபோது, “இப்ப எல்லாம் சட்டப்படி சரிதானே” என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். உள்நாட்டில் விற்பதற்கும் பாவிப்பதற்கும் அதனால் எந்த வழியும் திறக்கவில்லை. எச்.எச்.சி.யைப் பொறுத்தவரை, ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணைக்குழு 2025 மார்ச்சில் அதை 1971ஆம் ஆண்டு உளத்தூண்டு பொருள்கள் சமவாயத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்க வாக்களித்தது. இலங்கை அந்தச் சமவாயத்தில் ஒரு தரப்பு.

ஆகவே வெளிநாட்டிலுள்ள அண்ணனோ மாமாவோ ‘தூக்கத்துக்கு நல்லது’ என்று இத்தகைய ஒன்றை அனுப்ப நினைத்தால், அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுங்கத்தில் பொதி பிரிக்கப்பட்டால், மேலே எழுதியிருப்பது உங்கள் பெயர். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கைப்பையிலோ எண்ணெய்ப் போத்தலிலோ இதன் சுவடுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தண்டனை கடுமையானது. சிறுநீர்ப் பரிசோதனையிலும் எச்.எச்.சி. கஞ்சாவாகவே காட்டக்கூடும்.

யாராவது உட்கொண்டுவிட்டால்

விழித்திருக்கிறார், பேசுகிறார், பயந்துபோயிருக்கிறார் என்றால், வெளிச்சம் குறைந்த இடத்தில் உட்காரவைத்து, அருகிலேயே ஒருவர் இருந்து, இது சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தனியாக விடக்கூடாது, லயத்து வாசல் கானும் படிக்கட்டும் தள்ளாடும் காலுக்கு ஆபத்தானவை. திட்டுவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுப்ப முடியாத தூக்கம், மெதுவான அல்லது தடைப்படும் மூச்சு, வலிப்பு, நெஞ்சுவலி, அடங்காத வாந்தி, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் வெறி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த ஆம்புலன்ஸ் சேவை இலவசம். சிறு பிள்ளை ஒன்று தின்றிருந்தால், எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனெனில் பெரியவருக்குத் தலைச்சுற்றுத் தரும் அளவு பிள்ளையின் மூச்சையே அடக்கிவிடும். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், பிரதான வீதியிலிருந்து திரும்பும் இடத்தில் என்ன இருக்கிறது, கோயிலா, தொழிற்சாலையா, கடையா என்பதையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இருக்கும் தோட்டங்களில் ஆம்புலன்ஸ் வழிதவறினால் அரை மணி நேரம் போய்விடும். டோர்ச் லைட்டோடு ஒருவரைச் சந்திக்கு அனுப்பிவையுங்கள்.

மயங்கியவரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, வாந்தி வந்தால் வெளியே வழியும்படி வாயைச் சற்றுக் கீழ்நோக்கி வையுங்கள். தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைப்பது, எலுமிச்சம்பழச் சாறோ மோரோ ஊற்றுவது, தலையில் குளிர்ந்த தண்ணீர் வார்ப்பது ஆகிய மூன்றையும் நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள், மூன்றும் கெடுதல். அரைமயக்கத்தில் ஊற்றுவது நுரையீரலுக்குள் இறங்கும். நுவரெலியா, தலவாக்கலை இரவுக் குளிரில் நனைந்த உடம்பு மிக விரைவாகச் சூட்டை இழக்கும். போர்வையால் மூடுவதே சரி.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை துண்டு, எத்தனை மணிக்கு, வேறென்ன குடித்தார், வழக்கமாக என்ன மாத்திரை என்ற நான்கும் அவருக்குத் தேவை; அவர் கேட்பது சிகிச்சைக்காக. ‘ஏதோ டொபி சாப்பிட்டான்’ என்று மட்டும் சொன்னால், தேவையற்ற பரிசோதனைகளில் நேரம் கழியும். வெற்றுப் பொதியாக இருந்தாலும் கொண்டுபோங்கள். முன்புறப் படத்தைவிடப் பின்புறத்துச் சிறிய எழுத்துகளே அங்கு உதவும். அடிக்கடி எடுக்கும் பழக்கம் வந்துவிட்டதாகத் தெரிந்தால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும், மனநல உதவிக்கு 1926 இலக்கத்திலும் பேசலாம்.

எஞ்சிய அந்த ஆறு மிட்டாய்களையும் அன்று நாங்கள் இருவருமாக ஒரு கிண்ணத்தில் போட்டுச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய தேயிலைச் சக்கையோடு பிசைந்து, இறுகக் கட்டிய பையில் வைத்துக் கழித்தோம். லயத்துக் குப்பைக் குழியில் அப்படியே போட்டிருந்தால், அன்னாசிப் படத்தைக் கண்ட ஏதோ ஒரு பிள்ளையின் கை அதில் பட்டிருக்கும். பொதியை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த முறை யாராவது ‘இது சணல்தானே’ என்று கேட்டால், மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, பின்புறத்தைத் திருப்பிக் காட்டுகிறேன்.